'31-க்குள் நிறுவவும்': ஆபீஸ் ப்ராக்ஸி எதையெல்லாம் பார்க்கிறது?

"இணைப்பில் உள்ள சான்றிதழை 31-ஆம் தேதிக்குள் லேப்டாப்பிலும் செல்போனிலும் நிறுவிக்கொள்ளவும். தவறினால் அலுவலக வைஃபையில் இணையம் கிடைக்காது." தன் கம்பெனியின் இந்தச் சுற்றறிக்கையை வாசகர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். இதே சங்கதியுடன் இன்னும் சில கடிதங்கள். 'ப்ராக்ஸிதானே மாற்றுகிறார்கள், அதற்கு என் போனில் எதற்குச் சான்றிதழ்?' என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஒருவர் அதை ஆன்டிவைரஸ் என்று நினைத்து, ஐ.டி. பிரிவுக்கு நன்றி வேறு சொல்லி ஏற்றிவிட்டார்.

சுற்றறிக்கை இதைப் 'பாதுகாப்பு மேம்பாடு' என்கிறது. யாருடைய பாதுகாப்பு என்று சொல்லவில்லை.

ப்ராக்ஸி உங்களுக்கும் தளத்துக்கும் நடுவே நின்று பேசும் சர்வர் என்பது தெரிந்த கதை. 1996-இல் வந்த 'ஸ்க்விட்' போன்றவை அன்று பெரிதும் சிக்கனத்துக்காகவே ஓடின. ஒரே பக்கத்தைப் பத்துப் பேர் கேட்டால், ஒரு தடவை கொண்டுவந்து பத்துப் பேருக்கும் கொடுத்துவிடும்.

தகவலைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் பரவியதும் அந்தப் பிழைப்பு படுத்துவிட்டது. இப்போது பிரவுசர் ப்ராக்ஸியிடம் 'கனெக்ட்' என்று கட்டளையிட்டு, தளத்தின் பெயரையும் 443 என்ற போர்ட் எண்ணையும் மட்டும் சொல்லும். ப்ராக்ஸி ஒரு குழாயைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நீங்கள் எந்த வங்கியின் தளத்துக்கு எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு டேட்டா ஓடியது என்பது அதற்குத் தெரியும். எந்தப் பக்கம், என்ன பாஸ்வேர்டு என்பது தெரியாது.

தெரிய வேண்டும் என்று நினைப்பவர்களுக்காகத்தான் அந்தச் சான்றிதழ்.

நீங்கள் வங்கித் தளத்தைத் திறக்கிறீர்கள். ப்ராக்ஸி குழாய் போடுவதில்லை. 'நான்தான் வங்கி' என்று உங்களிடம் சொல்கிறது. வங்கியின் பெயரில் அந்தக் கணமே ஒரு சான்றிதழ் அச்சடித்து, அதில் தானே கையெழுத்தும் போடுகிறது. சாதாரணமாக பிரவுசர் இதைப் பார்த்ததும் சிவப்பு எச்சரிக்கை காட்டிக் கதவைச் சாத்திவிடும். ஆனால் போன வாரம் நீங்கள் நிறுவியது, அந்தக் கையெழுத்துக்குரியவரை நம்பச் சொல்லும் ரூட் சான்றிதழ். ஆகவே பிரவுசர் வாயைத் திறக்காது. இந்தப் பக்கம் உங்களோடு ஒரு பூட்டு, அந்தப் பக்கம் வங்கியோடு இன்னொரு பூட்டு. நடுவில் ப்ராக்ஸியின் மேஜை மேல் கடிதம் பிரித்துக் கிடக்கும். ஸ்க்விட்டில் இதற்கு 'எஸ்எஸ்எல் பம்ப்' என்று பெயர். கெட்டிக்கார வேலை, சந்தேகமில்லை. பூட்டிய சரக்கில் வைரஸ் வந்தால் பிரிக்காமல் பிடிக்க முடியாது என்ற நிர்வாகத்தின் வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் வங்கியின் அசல் சான்றிதழைச் சரிபார்க்கும் வேலை இப்போது உங்கள் பிரவுசரிடம் இல்லை, ப்ராக்ஸியிடம். அது அசட்டையாக இருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. 2017-இல் அமெரிக்க அரசின் யுஎஸ்-செர்ட் அமைப்பே இதைச் சொல்லி எச்சரித்தது.

இதை ஒரு நாடே செய்து பார்த்தது. 2019 ஜூலையில் கஜகஸ்தான் அரசு, குடிமக்கள் 'தேசியப் பாதுகாப்புச் சான்றிதழ்' நிறுவ வேண்டும் என்று இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் மூலம் சொல்ல வைத்தது. மோசடிகளிலிருந்து மக்களைக் காக்கவாம். ஆனால் பிரித்துப் பார்க்கப்பட்டவற்றில் ஃபேஸ்புக், கூகுள், ட்விட்டர் எல்லாம் இருந்தன. சில வாரங்களில் 'சோதனை முடிந்தது' என்று அரசு நிறுத்திக்கொண்டது. ஆகஸ்ட் 21 அன்று கூகுளும் மொசில்லாவும் தங்கள் பிரவுசர்களில் அந்தச் சான்றிதழையே செல்லாததாக்கின. 2020 டிசம்பரில் மறுபடி ஒரு முயற்சி, மறுபடி தடை.

உங்கள் கம்பெனிச் சான்றிதழை எந்த பிரவுசர் நிறுவனமும் இப்படித் தடுக்கப்போவதில்லை. நீங்களாகத்தான் பார்க்க வேண்டும். நண்பர் ஒருவரின் ஆபீஸ் லேப்டாப்பில் பார்த்தேன். முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்னத்தை அழுத்தி, சான்றிதழைத் திறந்து, 'இஷ்யூட் பை' என்ற வரிக்கு வந்தோம். அவருடைய மெயில் தளத்தின் சான்றிதழை வழங்கியவர் இடத்தில் அவர் கம்பெனியின் பெயர்! அதே தளத்தை என் போனில், மொபைல் டேட்டாவில் திறந்தால் வேறு பெயர். நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெயிலிலிருந்து லாக்-அவுட் செய்தார். (குரோம் 2023-இல் பூட்டுச் சின்னத்தையே எடுத்துவிட்டது. பூட்டைப் பார்த்து ஜனங்கள் தளத்தையே நம்பிவிடுகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம்.)

மற்ற கேள்விகள்.

வங்கி ஆப் ஆபீஸ் வைஃபையில் மட்டும் திறக்க மறுக்கிறதே? ஆண்ட்ராய்டு 7 முதல், நீங்களாக ஏற்றிய ரூட் சான்றிதழை ஆப்கள் பொதுவாக நம்புவதில்லை. ஆப் சரியாகத்தான் இருக்கிறது.

வங்கித் தளங்களுக்கு விலக்கு உண்டு என்கிறார்களே? இருக்கலாம், பட்டியலைக் கேளுங்கள்.

இன்காக்னிட்டோவில் பார்த்தால்? ப்ராக்ஸிக்கு எல்லாம் ஒன்றுதான்.

இலவச ப்ராக்ஸி? ஊர் பேர் தெரியாதவரிடம் போகும் அதே குழாய்; அவர் சான்றிதழ் நிறுவச் சொன்னால் ஓடிவிடுங்கள்.

விபிஎன்னும் ப்ராக்ஸியும் ஒன்றுதானா? இல்லை. விபிஎன் பொதுவாகக் கணினியின் மொத்தப் போக்குவரத்தையும் கொண்டுபோகும். ப்ராக்ஸி, அதைப் பயன்படுத்தும் ஆப்களுடையதை மட்டும்.

ஏற்கெனவே நிறுவிவிட்டேன்? சொந்த போன் என்றால், செட்டிங்ஸில் போய் நீக்கலாம். ஆபீஸ் லேப்டாப் அவர்களுடையது. அதில் சொந்த வேலை வேண்டாம்.

31-ஆம் தேதி தாண்டிவிட்டால்? போனில் வைஃபை வராது. மொபைல் டேட்டா வரும்.