குளிரில் காருக்குத் தொண்டை கட்டினால்...

மார்கழி மாதத்தில் பாட்டு வித்வான்கள் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, வெந்நீர் பிளாஸ்க்கும் கையுமாகப் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். குளிர் என்றால் தொண்டைக்கு ஆகாது. ஆனால் காருக்கும் குளிரில் தொண்டை கட்டும் என்று சொன்னால் சென்னைவாசிகள் சிரிப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நம் ஊரில் காரின் பாட்டுப் பெட்டிக்கு வரும் வியாதிகளெல்லாம் பெரும்பாலும் வெயிலால் வருபவை. குளிரால் வரும் வியாதியைப் பார்க்க வேண்டுமானால் கனடாவுக்குப் போகவேண்டும்.

அந்த நாட்டின் நடுவே மானிடோபா என்று ஒரு மாகாணம். அதன் தலைநகரம் வின்னிபெக். ஜனவரி மாத இரவுகளில் அங்கே மைனஸ் 20 டிகிரி சென்டிகிரேட் என்பது சர்வ சாதாரணம். மைனஸ் 30 டிகிரியும் அவ்வப்போது வந்து எட்டிப் பார்க்கும். கார் நிறுத்தும் இடங்களில் மின்சார பிளக் பொருத்தி வைத்திருக்கிறார்கள். எதற்கு என்கிறீர்களா? இரவெல்லாம் எஞ்சினுக்குச் சூடு கொடுக்கத்தான்!

எஞ்சினுக்கு இந்த உபசாரம் நடக்கிறது. காருக்குள் உட்காருகிறவர்களுக்கு ஹீட்டர் இருக்கிறது. பின்னால் டிக்கியில் ஒரு பிராணி இருக்கிறதே, அதை யாரும் கவனிப்பதில்லை. அதுதான் ஆம்ப்ளிஃபயர். ரேடியோவிலிருந்து வரும் மெல்லிய குரலைப் பெரிதாக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி. காலையில் சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். அல்லது "டப்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும். இல்லையென்றால் கரகரவென்று பாடும். அரைமணி நேரம் ஓட்டிய பிறகு, ஒன்றுமே நடக்காதது போல் சுகமாகப் பாட ஆரம்பிக்கும்!

"ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது, புதிது வாங்கவேண்டும்" என்று உடனே பர்ஸை எடுக்கிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள்! குளிரில் ஆம்ப்ளிஃபயர் மௌனம் சாதித்தால், பத்தில் ஒன்பது தடவை குற்றவாளி அது அல்ல என்று வைத்துக்கொண்டே பரிசோதனையை ஆரம்பிக்கலாம். அது வெறும் சாட்சி. வேறு எங்கோ கோளாறு இருக்கிறது என்று சிவப்பு விளக்கைக் காட்டிச் சொல்கிறது. அந்தச் சாட்சியை அலட்சியம் செய்தால் பாட்டு மட்டும் நிற்காது. என்றைக்காவது ஒரு நாள், மைனஸ் 30 டிகிரியில், ஆள் நடமாட்டமில்லாத ரஸ்தாவில் காரே நின்றுவிடும். அந்தக் குளிரில் அது விளையாட்டுக் காரியம் அல்ல.

நாடி பிடிக்கவேண்டிய இடம்

முதலில் பார்க்கவேண்டியது பாட்டரி. கார்களில் இருக்கும் ஈய பாட்டரியைப் பிரான்ஸ் தேசத்து காஸ்டன் பிளாண்டே 1859-ல் கண்டுபிடித்தார். அன்று முதல் இன்று வரை அதற்கு ஒரு பலவீனம் உண்டு. உள்ளே நடக்கும் ரசாயனக் காரியம் குளிரில் மந்தமாகிவிடும். மைனஸ் 18 டிகிரியில் பாட்டரி ஏறக்குறைய பாதி பலத்தை இழந்துவிடுகிறது. அதே சமயத்தில் எஞ்சின் எண்ணெய் கெட்டியாகிவிடுவதால், எஞ்சினைக் கிளப்ப வழக்கத்தைவிட அதிக பலம் வேண்டியிருக்கிறது. வரவு பாதி, செலவு இரட்டை என்றால் எந்தக் குடும்பம் தாங்கும்?

1930-ல் அமெரிக்காவில் கால்வின் கம்பெனியார் மோட்டரோலா என்ற பெயரில் கார் ரேடியோக்களை விற்கத் தொடங்கினார்கள். இன்று எஞ்சினும் சங்கீதமும் ஒரே பாட்டரியை நம்பித்தான் வாழ்கின்றன. எஞ்சினைக் கிளப்பும்போது வோல்டேஜ் சடாரென்று இறங்கும். சுமார் 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் பல ஆம்ப்ளிஃபயர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமாகவே வேலையை நிறுத்திவிடும். அதைக் கோளாறு என்று சொல்வது அநியாயம், அது தற்காப்பு.

ஆகவே, சாதாரண மல்டிமீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் நாடி பிடிப்பதுபோல் பாட்டரியின் இரண்டு முனைகளிலும் அதை வைத்துப் பாருங்கள். இரவெல்லாம் ஓய்வாக நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் பாட்டரி நிறைந்திருக்கிறது. 12 வோல்ட் என்றால் ஏறக்குறையக் காலி. எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட் காட்டவேண்டும். காட்டாவிட்டால் மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோ கவனிக்கவேண்டும். பாட்டரி நிறைந்திருந்தும், எஞ்சினைக் கிளப்பும்போது மீட்டர் மிகவும் கீழே இறங்கினால், அதற்கு வயதாகியிருக்கலாம்.

இன்னொரு விஷயம். கடைக்கும் பள்ளிக்கூடத்துக்குமாகப் பத்து நிமிஷம் ஓடிவிட்டு நிற்கும் காரில், கிளப்பும்போது செலவான மின்சாரம் திரும்பச் சேர்வதே இல்லை. ஹீட்டர் விசிறி, விளக்குகள், கண்ணாடிப் பனியை உருக்கும் கம்பிகள் எல்லாம் பங்கு கேட்கின்றன. கிளம்பிய பத்து நிமிஷம் பாட்டை அடக்கி வையுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது நீண்ட தூரம் ஓட்டுங்கள்.

கம்பியும் துருவும்

பாட்டரி சுகமாக இருந்தால் அடுத்தது கம்பிகள். பனியை உருக்குவதற்காகத் தெருவில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு நீர் காரின் அடியில் ஏறி, எர்த் கம்பியை முடுக்கியிருக்கும் இடத்தைத் துருப்பிடிக்கச் செய்கிறது. உலோகங்கள் குளிரில் சுருங்குவதால் தளர்ந்த திருகுகள் இன்னும் தளரும். பாட்டு ஓடும்போது பாட்டரியில் ஒரு தடவையும், ஆம்ப்ளிஃபயர் முனைகளில் ஒரு தடவையும் மீட்டரை வையுங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருடன் வழியில்தான் இருக்கிறான். எர்த் கம்பியைக் கழற்றி, பெயின்ட் போய்ப் பளபளக்கும்வரை தகட்டைத் தேய்த்து, மறுபடி இறுக முடுக்குங்கள். ப்யூஸ் மாட்டும் இடத்தையும் பாருங்கள்.

"சிவப்பு விளக்கும் இல்லை, பச்சை விளக்கும் இல்லை" என்றால், ஆம்ப்ளிஃபயரைத் தட்டி எழுப்பும் மெல்லிய ரிமோட் கம்பியைப் பார்க்கவேண்டும். ரேடியோ பாடும்போது அதில் சுமார் 12 வோல்ட் இருக்கவேண்டும்.

ஸ்பீக்கரின் விறைப்பு

மூன்றாவது, ஸ்பீக்கர். அதன் ஓரத்தில் உள்ள ரப்பர் வளையம் குளிரில் விறைத்துவிடும். அடித்தொனி குறைந்து, மத்தளம் தகர டப்பா மாதிரி கேட்கும். அந்த நிலையில் வால்யூமைத் திருகுவது, தூங்கி எழுந்ததும் உடற்பயிற்சிக்குப் பதில் குஸ்திக்குப் போவதைப் போன்றது. ரப்பர் கிழிந்துவிடலாம்.

இதில் ஒரு சூட்சுமமும் இருக்கிறது. ஸ்பீக்கருக்குள் இருக்கும் தாமிரக் கம்பிச் சுருளின் தடை, டிகிரிக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 0.4 வீதம் மாறுகிறது. 20 டிகிரியிலிருந்து மைனஸ் 30-க்கு இறங்கினால் தடை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. தடை குறைந்தால் ஆம்ப்ளிஃபயர் அதிக கரண்ட் கொடுக்கவேண்டும். தாங்கக்கூடிய எல்லைவரை ஏற்கெனவே ஸ்பீக்கர்களைச் சேர்த்து வைத்திருந்தால், காலையில் சிவப்பு விளக்கு எரிவதும் கார் சூடானதும் அணைவதும் இதனால் இருக்கலாம்.

கடைசியாகத்தான் ஆம்ப்ளிஃபயர்

காரை அணைத்து, ஸ்பீக்கர் கம்பிகளையெல்லாம் கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள். சிவப்பு விளக்கு அணைந்தால் தப்பு ஸ்பீக்கர் பக்கம். வோல்டேஜ் சரியாக இருந்தும் சிவப்பு விளக்கு எரிந்தால், அப்போதுதான் ஆம்ப்ளிஃபயர் மேல் சந்தேகப்படலாம். உள்ளே இருக்கும் கண்டென்ஸர்களில் உள்ள திரவம் குளிரில் கெட்டியாகி, அவற்றின் வேலை மந்தமாகும். பழைய பெட்டிகளில் இது அதிகம். சூடும் குளிரும் மாறிமாறித் தாக்குவதால் பற்றுவைத்த இடங்களில் மயிரிழை விரிசல் விடுவதும் உண்டு. இவை கைதேர்ந்த ரிப்பேர்காரர் பார்க்கவேண்டியவை.

ரிப்பேருக்காகப் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவரும்போது ஜாக்கிரதை! ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல், குளிர்ந்த பெட்டிக்குள்ளும் நீர் கோத்துக்கொள்ளும். அந்த ஈரத்தோடு மின்சாரம் கொடுத்தால் போயே போய்விடும். வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் புகாமல் கட்டி உள்ளே கொண்டுவாருங்கள். சில மணி நேரம் கழித்துப் பையைத் திறங்கள். நீர் பையின் மேல் நிற்கும், பெட்டி தப்பிக்கும். ஸீட்டுக்கு அடியில் பெட்டி வைத்திருப்பவர்கள், பூட்ஸில் ஒட்டி வந்த பனி உருகி அங்கே தேங்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

உயிருக்கு மேல் பாட்டு இல்லை

இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போய்க் கனடாவில் குடியேறிய நம்மவர்கள் ஏராளம். உங்கள் வீட்டுப் பிள்ளையோ மாப்பிள்ளையோ அங்கே இருந்தால், அடுத்த முறை டெலிபோனில் பேசும்போது இரண்டு விஷயங்களைச் சொல்லி வையுங்கள்.

ஒன்று: அடியோடு காலியான பாட்டரி, பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்துவிடும். நிறைந்த பாட்டரி மைனஸ் 50 வரைகூட உறையாது. பக்கவாட்டில் உப்பியிருக்கும் உறைந்த பாட்டரிக்கு வேறு காரிலிருந்து கம்பி கொடுத்துக் கிளப்ப முயன்றால் அது வெடிக்கலாம்.

இரண்டு: "கொஞ்ச நேரம் எஞ்சின் ஓடட்டும், பாட்டு வரும்" என்று காரை ஷெட்டுக்குள் ஓடவிடவே கூடாது. கதவு திறந்திருந்தாலும் கூடாது. பனி மூடிய புகைக் குழாயோடும் ஓடவிடக் கூடாது. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும். குழாயைச் சுற்றிப் பனியை அகற்றி, காரை வெளியே கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் மற்றக் காரியம்.

பாட்டரி, கம்பி, ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் - இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் மீட்டரை எடுங்கள். மணிபர்ஸை அப்புறம் எடுக்கலாம்!