சூரிய மின்சாரத்துறை: கூரையில் ஏறுவதோடு முடிவதல்ல

"சோலார் வேலை பழகினால் எதிர்காலம் உண்டா?" அண்மைக்காலமாக இளைஞர்களும் அவர்களது பெற்றோரும் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. உண்டு என்பதே எனது பதில். ஆனால் எந்த வேலையை, எந்தத் தகைமையோடு செய்கிறோம் என்பதிலேயே அந்த எதிர்காலம் தங்கியிருக்கிறது.

2016இல் 'சூரிய பல சங்கிராமய' திட்டம் ஆரம்பிக்கப்பட்ட பின்னரே வீட்டுக்கூரை மின்சாரம் எமது நாட்டில் பரவலானது. 2020இல் மன்னாரில் 30 காற்றாலைகளுடன் 103.5 மெகாவாட் 'தம்பபவனி' திறக்கப்பட்டது. 2022இல் எரிபொருள் வாங்க டொலர் இன்றி நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்தோம். சொந்த வெயிலினதும் காற்றினதும் பெறுமதியை அந்நாட்கள் எமக்கு உணர்த்தின. 2030இல் மின்னுற்பத்தியில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து பெறுவது அரசின் இலக்காகும்.

இத்துறை என்றதும் பெனல் பூட்டுவதையே பலர் நினைக்கின்றனர். அது முதற்படி மாத்திரமே. ஒரு கிலோவாட் தொகுதி மாதமொன்றுக்கு ஏறத்தாழ 100 முதல் 120 அலகுகள் தரும். எனவே ஒரு வீட்டின் மின்பட்டியலைப் பார்த்து எத்தனை கிலோவாட் தேவை எனக் கணிக்க வேண்டும். தென்னை மரத்தின் நிழல் எத்தனை மணிக்கு விழும், கூரை பாரத்தைத் தாங்குமா, கடலோர உப்புக்காற்றில் இரும்புச் சட்டம் துருப்பிடிக்குமா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். வடிவமைப்பு, விண்ணப்ப வேலைகள், விற்பனை, கணக்கு என்பனவும் இதற்குள் அடங்கும். பெனல்கள் 25 வருடங்கள் வரை உழைக்கும். இன்வேர்ட்டரை அதற்கு முன்னரே மாற்ற நேரிடும். ஆகவே பராமரிப்பு நிலையான வருமானம் தரக்கூடியது.

வீட்டு வயரிங் தெரிந்தால் போதும் என்று எண்ணுவது ஆபத்தானது. பிரதான ஆளியை நிறுத்தினாலும், வெயில் இருக்கும்வரை பெனலில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். தொடராக இணைத்த பெனல்களில் அது பல நூறு வோல்ட்டைத் தொடும். நேரோட்ட மின்சாரத்தில் பொறி எழுந்தால் இலகுவில் அணையாது. தளர்வான ஓர் இணைப்பே கூரையை எரித்துவிடலாம். பாதுகாப்புப் பட்டியும் முறையான புவித்தொடுப்பும் இன்றி எவரையும் கூரைக்கு அனுப்பும் முதலாளியிடம் வேலைக்குச் சேராதீர்கள் என்பதே எனது அறிவுரை.

2025ஆம் ஆண்டு இன்னொரு பாடத்தையும் தந்தது. பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடே இருளில் மூழ்கியது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறை, தேவை குறைந்து சூரிய மின்சாரம் மிகுந்திருந்த வேளையில் மின்வலையமைப்பினால் தாங்க முடியவில்லை. ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்களிடம் கேட்கப்பட்டது. பகல் மின்சாரத்தைச் சேமித்து இரவில் வழங்கும் மின்கலத் தொகுதிகளே இதற்கு முக்கிய தீர்வு. மின்கலமும் வலையமைப்புக் கட்டுப்பாடும் கற்றவருக்கு இனிக் கிராக்கி அதிகரிக்கும் என்பது எனது கணிப்பு.

வளைகுடா செல்ல விரும்புவோரும் இதைக் கவனிக்கலாம். கட்டாரில் 2022இல் திறக்கப்பட்ட அல் கர்சா சூரிய நிலையம் மாத்திரம் 800 மெகாவாட் கொண்டது. எண்ணெய் விற்கும் நாடுகளே வெயிலில் முதலிடுகின்றன. சாரதியாகவோ உதவியாளராகவோ போவதற்கும், சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பவியலாளராகப் போவதற்கும் சம்பளத்தில் மட்டுமன்றி மரியாதையிலும் வேறுபாடு உண்டு.

சாதாரண தரத்தோடு நின்றவர்கள் மின்னியலில் என்.வி.கியூ. 3, 4 மட்டங்களைப் பெறலாம். பல வருடம் வயரிங் செய்தவர்கள் தமது அனுபவத்தை மதிப்பிடச் செய்தும் இச்சான்றிதழைப் பெறலாம். 5, 6 டிப்ளோமா மட்டங்களாகும். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் கற்பவர்களுக்கு ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பொறியியல் பீடம் உண்டு.

பெற்றோரே, மகன் வெறும் கையோடு கூரையில் ஏறி நாட்கூலி வாங்குவது அவசரத்திற்கு உதவும். ஒரு வருடம் பொறுத்துச் சான்றிதழோடு ஏறினால், அது அவனுக்கு வாழ்நாள் தொழிலாகும்.