ராணி ரூபாய்: ஒரிஜினலா, டூப்பா?

பசுவந்தனை பக்கம் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால், துணியில் முடிந்த நாலைந்து வெள்ளி ரூபாய் கிடைக்கும். கரிசல்காட்டில் பருத்தி நல்லா விளைஞ்ச வருஷம் சேர்த்தது. இப்போது அந்த முடிச்சு பெரும்பாலும் பேரன் பேத்திக்கு ஃபீஸ் கட்டத்தான் அவிழ்கிறது. வாங்க வருகிறவர் ஒரு பார்வை பார்த்துட்டு, "இது டூப்பு ஆச்சி, வேணும்னா ஐந்நூறு தாரேன்" என்பார். டூப்புக்கு எதுக்குய்யா ஐந்நூறு?

டூப்பும் சந்தையில் உண்டு, உண்மைதான். அதனால் விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் இந்தச் சோதனை தேவை.

விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ஒரு ரூபாய் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, மீதி செம்பு. அதாவது ஒரு காசில் ஏறக்குறைய 10.7 கிராம் சுத்த வெள்ளி. புழங்கித் தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம். 12 கிராம் காட்டினால் சந்தேகப்படுங்க. காசு தேயும், வளராது.

அடுத்து காந்தம். ஒட்டினால் அது வெள்ளி இல்லை. ஆனால் உடனே தூக்கி எறிய வேண்டாம்: 1947 புலி ரூபாய் நிக்கலில் அடித்தது, ஒட்டத்தான் செய்யும், ஆனா ஒரிஜினல். 1940 முதல் 1945 வரை வந்ததில் பாதிதான் வெள்ளி. ஆக, முதலில் வருஷத்தைப் பாருங்க. ஒட்டாததை வைத்தும் முடிவு பண்ண முடியாது, செம்பும் ஈயமும்கூட ஒட்டாது.

எனக்குப் பிடித்தது தண்ணீர் சோதனை. ஆர்க்கிமிடிஸை பரீட்சைக்கு மட்டும் படிச்சோம், இங்கேதான் அவர் சோறு போடுகிறார். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். தண்ணீர் டம்ளரை அதில் வைத்து ஜீரோ ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி முழுசாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது, குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. தராசு இப்போது காட்டுவது, காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. நல்ல ரூபாய் 1.13 கிராம் காட்டும், அடர்த்தி 10.3. செம்பு-நிக்கல் போலி என்றால் 1.3 வரும். வெள்ளி முலாம் எவ்வளவு பளபளத்தாலும் இந்த எண் மாறாது. போலிக்குப் பேர்போன சீனாவின் யுவான் ஷிகாய் டாலருக்கும் இதே வழிதான், அதன் எடை மட்டும் வேறு.

ஈயமும் தகரமும் அளவாகக் கலந்தால் அடர்த்தியை ஏமாற்றலாம். அங்கே காது உதவும். விரல் நுனியில் வைத்துச் சுண்டுங்கள்: வெள்ளி கணீர் என்று இழுக்கும், ஈயக் கலவை 'டொக்' என்று செத்துவிடும்.

கடைசியாக லென்ஸ். அச்சில் அடித்த காசின் எழுத்து ஓரம் கூராக இருக்கும். வார்த்த போலியில் ஊசி குத்தினாற்போல் பள்ளங்களும், விளிம்பில் சில நேரம் ஒட்டுக் கோடும் தெரியும். 1939 ரூபாய் ரொம்ப அரிது என்பதால் 1938-இன் எட்டைச் செதுக்கி ஒன்பது ஆக்குகிறார்கள். இது நிஜ வெள்ளி, எடையும் அடர்த்தியும் பாஸ் ஆகிவிடும். கண்தான் கண்டுபிடிக்கணும். அதற்காகக் காசைப் புளி போட்டுத் தேய்த்துவிட வேண்டாம். சேகரிப்பவர் தரும் விலை பாதியாக இறங்கும்.

கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, ராமர் சீதை படம், "அரிசியை இழுக்கும்" என்று லட்சங்களில் பேரம் பேசுவார்களே, அந்தக் காசுக்கு மட்டும் இந்தச் சோதனை எதுவுமே வேண்டாம். கம்பெனி அப்படி ஒன்றை வெளியிடவே இல்லை. டூப்பு என்று சொல்லக்கூட அதற்கு ஒரு ஒரிஜினல் கிடையாது.