சீட்டாட்டத்தில் முகத்தைப் படிக்க முடியுமா?

"எதிரே இருப்பவன் முகத்தைப் பார்த்தாலே போதும், கையில் என்ன சீட்டு என்று சொல்லிவிடுவேன்!" என்று பெருமை பேசுவோர் எல்லாச் சீட்டாட்டக் கூட்டத்திலும் உண்டு. இந்த நம்பிக்கையால் சம்பளப் பணத்தை இழந்தவர்களும் உண்டு.

ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1967-ல் கூறியது. போக்கரைத் திறமை ஆட்டமாக ஆடினால் கிளப்புகளுக்கு அதற்கென லைசென்சு தேவையில்லை என்று கர்நாடக ஐகோர்ட்டு 2013-ல் கூறியது. அந்தத் திறமை எங்கே இருக்கிறது? முகத்தைப் பார்ப்பதிலா, பந்தயத்தைக் கவனிப்பதிலா?

முகம் ஏமாற்றும்

அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் இதைச் சோதித்தார்கள். உலகப் போக்கர் போட்டியின் படக்காட்சிகளை மாணவர்களுக்குக் காட்டி, யாருடைய சீட்டு நல்ல சீட்டு என்று கேட்டார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்கள், குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மோசமாகச் சொன்னார்கள்! காசை நகர்த்தும் கையை மட்டும் பார்த்தவர்கள் ஓரளவு சரியாகச் சொன்னார்கள். நல்ல சீட்டு உள்ளவரின் கை தயக்கமின்றி நகர்ந்ததாம்.

தேர்ந்த ஆட்டக்காரர் முகத்தை அடக்கவும் பழகியிருப்பார், நடிக்கவும் பழகியிருப்பார்.

கண் இல்லாத ஆட்டக்காரர்

2017-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 'லிப்ராட்டஸ்' என்ற கம்ப்யூட்டர், தேர்ந்த போக்கர் ஆட்டக்காரர்கள் நால்வருடன் மோதியது. 20 நாட்களில் 1,20,000 ஆட்டங்கள். வென்றது கம்ப்யூட்டர்! அது யார் முகத்தையும் பார்க்கவில்லை. சீட்டையும், வைத்த பந்தயத்தையும் கொண்டே கணக்குப் போட்டது.

ரம்மி ஆடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. எதிராளி எந்தச் சீட்டை எடுத்தார், எதைக் கழித்தார் என்பதை வைத்தே அவர் கையை ஊகிக்கிறார்கள். போக்கரிலும் அப்படித்தான். அடிக்கடி விலகுகிறவர் திடீரென்று பந்தயத்தை ஏற்றினால் அதற்குப் பொருள் உண்டு. எல்லா ஆட்டத்திலும் ஏற்றுகிறவர் இப்போதும் ஏற்றினால் அதற்கு அவ்வளவு மதிப்பில்லை.

ஆனால் ஒருவருடைய வழக்கத்தை அறியப் பல ஆட்டங்கள் வேண்டும். அதை அறிவதற்குள் ஒரு மாதச் சம்பளம் போய்விடலாம். செல்போனில் ஆடுகிறவருக்கு எதிராளி யார் என்பதே தெரியாது. பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களை, திறமை ஆட்டமானாலும் அதிர்ஷ்ட ஆட்டமானாலும், தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

கணக்கில் ஆசை உள்ளவர்கள் புளியங்கொட்டையைப் பந்தயமாக வைத்து ஆடலாம். ஆட்டமும் புரியும்; வீட்டு வாடகையும் பத்திரமாக இருக்கும்.