தெரியுமா? பையை விற்றால் கடைக் கதவு மூடிக்கொள்ளும்!

விரிஞ்சிபுரத்தில் எது அழகு என்று கேட்டால் யோசிக்காமல் மதில் என்பார்கள். மார்க்கபந்தீஸ்வரர் கோயில் மதிலுக்கு அப்படியொரு பேர். மிளகு வியாபாரி ஒருவருக்குக் காட்டு வழியில் துணை வந்தவர் என்பதால் சாமிக்கு வழித்துணைநாதர் என்றும் பெயருண்டு. வியாபாரிகளின் வழி இன்றைக்கும் இதுதான். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கமிருந்து ஷூவும் தோலும் ஏற்றிக்கொண்டு கன்டெய்னர் லாரிகள் இந்தப் பக்கத்து நெடுஞ்சாலையில்தான் சென்னைத் துறைமுகத்துக்குப் போகின்றன. உள்ளே இருக்கிற பெட்டிகளில் எல்லாம் வெளிநாட்டுப் பெயர்கள்.

அந்தப் பெயர்களின் உலகத்தில், அதிலும் உச்சாணிக் கொம்பில் இருக்கிற சில கம்பெனிகளிடம், ஒரு கூத்து நடக்கிறது, தெரியுமா? பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு கைப்பை வாங்குகிறீர்கள். ரசீது உங்கள் பேரில். ஆறு மாதம் கழித்து அலுத்துப்போகிறது, வேறொருவருக்கு விற்றுவிடுகிறீர்கள். திருட்டுச் சரக்கில்லை, போலி இல்லை, வரிகூடக் கட்டியாகிவிட்டது. ஆனாலும் உங்களுக்குத் தண்டனை உண்டு! ஜெயில் இல்லை, அபராதம் இல்லை. அடுத்த பை கிடையாது, அவ்வளவுதான். "ஸ்டாக் இல்லைங்க" என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பிவிடுவார்கள். நீங்கள் கறுப்புப் பட்டியலில் ஏறியிருப்பதைக்கூட யாரும் சொல்ல மாட்டார்கள்.

எந்தப் பைக்கு இத்தனை பாடு? எர்மெஸ் கம்பெனியின் பிர்கின், கெல்லி. 1837இல் பாரிஸில் குதிரைச் சேணம் தைக்கிற பட்டறையாகத் தொடங்கிய கம்பெனி அது. கெல்லிக்குப் பெயர் கொடுத்தவர் நடிகை கிரேஸ் கெல்லி. பிர்கினுக்குப் பெயர் கொடுத்தவர் பாடகியும் நடிகையுமான ஜேன் பிர்கின். விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்தவர் எர்மெஸ் தலைவர் ஜான் லூயி துமா என்று தெரியாமல், பிள்ளை பெற்றவளுக்கு ஏற்ற பையே கிடைப்பதில்லை என்று பிர்கின் புலம்ப, வாந்தி வந்தால் எடுக்க வைத்திருக்கிற காகித உறையிலேயே துமா படம் வரைந்தாராம்! இன்றைக்கு அமெரிக்காவில் சாதாரணத் தோல் பிர்கினின் கடை விலையே 12,000 டாலரைத் தாண்டுகிறது. வெளியே விற்றால் அதைப்போல இரண்டு மடங்கு கேட்கலாம். கதவைத் தாண்டி வெளியே வந்த நிமிடமே லாபம் தருகிற சரக்கு! சினிமா தியேட்டர் வாசலில் பிளாக் டிக்கெட் விற்றவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

சரி, பத்து லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் போனால் கிடைத்துவிடுமா? கிடைக்காது! ஆன்லைனிலும் கிடையாது. ஊழியர் உங்களைப் பார்த்து, பழகி, பிடித்துப்போய், ஒருநாள் "உங்களுக்காக ஒன்று வந்திருக்கிறது" என்று உள்ளறைக்கு அழைத்துப்போக வேண்டும். அதுவரை ஸ்கார்ஃப், பெல்ட், தட்டு, செருப்பு என்று வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது வாங்குகிறவர்களின் பேச்சு. ஆண்டுக்கு இரண்டுக்கு மேல் தேறாது என்பதும் அவர்கள் சொல்வதுதான். கம்பெனியின் விலைப்பட்டியலில் இந்த விதியைத் தேடினால் கிடைக்காது.

இதற்கு மேல்தான் விசாரணை! எர்மெஸ் ஊழியர்கள் வாடிக்கையாளரின் வீட்டு முகவரியை இணையத்தில் தேடி, இருக்கிற தெரு பசையுள்ள தெருவா என்று பார்க்கிறார்கள், சமூக ஊடகப் பக்கங்களை அலசுகிறார்கள், கையில் கட்டியிருக்கிற கடிகாரத்தையும் பேசுகிற தோரணையையும் எடைபோடுகிறார்கள் என்று 2025இல் பாரிஸின் கிளிட்ஸ் என்ற செய்திமடல் எழுதியது. பெண் கேட்டு வந்த வீட்டைப்பற்றி ஊரெல்லாம் விசாரிப்போமே, கிட்டத்தட்ட அதே அக்கறை. ஒரு வித்தியாசம், இங்கே கல்யாணம் முடிந்த பிறகும் விசாரணை தொடர்கிறது. பை மறுவிற்பனைத் தளத்தில் தலைகாட்டுகிறதா என்று கண்காணிப்பு நடக்கிறதாம். ஒவ்வொரு பிர்கினுக்குள்ளும் அது எந்த ஆண்டு, எந்தப் பட்டறை, எந்தக் கைவினைஞர் என்று காட்டும் முத்திரை அழுத்தியிருக்கும். ஷனேல் இன்னும் ஒரு படி மேலே! வரிசை எண் ஸ்டிக்கரையும் அட்டையையும் தூக்கிவிட்டு 2021 முதல் பைக்குள்ளேயே சிப் பொருத்திய உலோகத் தகடு வைக்கிறது. போலியைப் பிடிக்கத்தான் இதெல்லாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் போலியைப் பிடிக்கிற கண், கொஞ்சம் திரும்பினால் விற்றவரையும் பார்த்துவிடும்.

சியோல் நகரத்துக் கதை இன்னும் வேடிக்கை, தெரியுமா? அங்கே ஷனேல் கடை வாசலில் விடியுமுன்பே வரிசை நிற்கும். கடை திறந்ததும் ஒரே ஓட்டம்! அதற்கு 'ஓப்பன் ரன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காசுக்கு வரிசையில் நின்று கொடுக்கிற ஆட்கள்கூட உண்டு. 2021 ஜூலையில் ஷனேல், அளவுக்கு மீறி அடிக்கடி வருகிறவர்களை உள்ளே விடுவதைக் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில், பெயர்போன கிளாசிக் பை ஒருவருக்கு ஆண்டுக்கு ஒன்றே ஒன்றுதான் என்று கறாராகச் சொன்னது. ஆனால் கொரியாவின் வணிகப் போட்டி ஆணையம் சும்மா இருக்கவில்லை. மறுவிற்பனைக்காக வாங்கினால் ஒப்பந்தத்தை ரத்து செய்வோம் என்ற வகை நிபந்தனைகளை நைக்கியும் ஷனேலும் எழுதிவைத்திருந்ததைப் பிடித்துத் திருத்தச் சொன்னது. தன் பொருளை என்ன செய்வதென்று உடைமையாளர்தான் முடிவு செய்வார் என்பது ஆணையத்தின் வாதம். எழுத்தில் இருந்த விதி போனது. எழுத்தில் இல்லாத விதிக்கு எந்த ஆணையம் நோட்டீஸ் அனுப்பும்?

விஷயத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. விற்றுத் தீர்த்த பொருளின் மேல் விற்றவருக்கு உரிமை இல்லை என்று உலகத்து நீதிமன்றங்கள் நூறு ஆண்டுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன! 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு நாவல் வழக்கு வந்தது. ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று பதிப்பாளர் புத்தகத்திலேயே அச்சடித்திருந்தார். மேசீஸ் கடைக்காரர்கள் 89 செண்டுக்கு விற்றார்கள். பதிப்பாளர் தோற்றார். 2013இல் அதே நீதிமன்றத்தில், தாய்லாந்திலிருந்து மலிவுப் பதிப்புப் பாடப்புத்தகங்களை வரவழைத்து அமெரிக்காவில் விற்ற ஒரு மாணவர், பெரிய பதிப்பகத்தையே தோற்கடித்தார். நம் நாட்டில்? வெளிநாட்டிலிருந்து அசல் சாம்சங் பிரிண்டர்களை வாங்கி வந்து இங்கே விற்றவர்கள் மேல் சாம்சங் வழக்குப் போட்டது. 2012இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அசல் சரக்கை இறக்குமதி செய்து விற்பதைத் தடுக்க முடியாது என்றது.

ஆக, விற்பதைத் தடுக்கச் சட்டத்தில் இடம் குறைவு. ஆனால் ஒருவருக்கு விற்க மாட்டேன் என்று கடைக்காரர் சொல்வதைத் தடுக்கவும் சட்டத்தில் பெரிதாக இடமில்லை! அந்தச் சந்துக்குள் புகுந்துதான் இந்தக் கம்பெனிகள் தண்டனை கொடுக்கின்றன. உன் பையை நீ விற்றுக்கொள், எங்கள் பை இனி உனக்கில்லை. கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்ள வேண்டும்.

கலிஃபோர்னியாவில் 2024 மார்ச்சில் எர்மெஸ் மேல் வாடிக்கையாளர்களே வழக்குத் தொடுத்தார்கள். பிர்கின் வேண்டுமென்றால் மற்ற பொருள்களை வாங்கு என்று கட்டாயப்படுத்துகிறார்கள் என்பது புகார். அந்த மனுவில் ஒரு சுவாரஸ்யம்: மற்ற சாமான்களை விற்றால் ஊழியருக்கு 3 சதவீதம் கமிஷன், வேறு பைகளுக்கு 1.5 சதவீதம், பிர்கினுக்குக் கமிஷனே கிடையாதாம்! பிர்கின் என்பது தூண்டில் புழு மட்டும்தான் என்பது வழக்குப் போட்டவர்களின் கணக்கு. நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ அசையவில்லை. ஆண்டுக்கு ஐந்தே ஐந்து பை செய்து ஒவ்வொன்றையும் பத்து லட்சம் டாலருக்கு விற்பதென்றால்கூட அது அவர்கள் இஷ்டம் என்ற தொனியில் விசாரணையிலேயே பேசினார். 2025 செப்டம்பரில் வழக்கு தள்ளுபடி.

கார்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மல்யுத்த வீரர் ஜான் சீனா தன் ஃபோர்டு ஜிடி காரைச் சீக்கிரமே விற்றுவிட்டார் என்று 2017இல் ஃபோர்டு கோர்ட்டுக்கே போனது, அடுத்த ஆண்டு சமாதானமானது. டெஸ்லா 2023இல், சைபர்டிரக்கை ஓராண்டுக்குள் விற்றால் 50,000 டாலர் கேட்போம் என்று ஒப்பந்தத்தில் எழுதியது.

விற்கக் கூடாது என்ற நிபந்தனை நம்மூருக்குப் புதிதா என்ன? பஞ்சமி நிலம்! 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கியபோது, பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அந்த மக்களுக்குள்ளேயேதான் விற்க வேண்டும் என்று போட்டது. இல்லாதவர் கையை விட்டு நிலம் போகக் கூடாது என்பதற்காக வந்த நிபந்தனை. சட்டப்புத்தகத்தில் இருந்தும் அது எத்தனை இடத்தில் மீறப்பட்டது என்பது ஊருக்கே தெரியும். பைக்குப் போட்ட நிபந்தனையோ எந்தப் புத்தகத்திலும் இல்லாமலே கனகச்சிதமாக அமலாகிறது!

இனி பாலாற்றங்கரைக்கு வருவோம். ஆம்பூர்த் தோலில் பிர்கின் செய்கிறார்களா? இல்லை, அது பெரும்பாலும் ஐரோப்பியக் கன்றுத்தோல். பிரான்ஸில் ஒரே ஆள் உட்கார்ந்து, தேன்மெழுகு தடவிய லினன் நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரண்டு பக்கமிருந்தும் நுழைத்துத் தைப்பார். ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிரியாது. சேணத்தில் தையல் பிரிந்தால் குதிரையில் போகிறவர் கீழே கிடப்பார், அந்தப் பயத்தில் பிறந்த தையல் இது.

ஆம்பூர் வேலை வேறு, அதன் நுணுக்கமும் லேசில்லை. கட்டிங் மேசையில் தோலை விரித்து, வெட்டுகிறவர் முதலில் உள்ளங்கையால் தடவுவார். உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய கோடு, சூடு போட்ட தழும்பு. நம் ஆடுமாடுகள் முள்காட்டில் மேய்ந்த சரித்திரம் முழுக்க அந்தத் தோலில் எழுதியிருக்கும். ஒவ்வொன்றையும் வெள்ளிப் பேனாவால் வட்டமிட்டு, அதை ஒதுக்கிவிட்டு வெட்டும் அச்சான டையை வைப்பார். ஷூவின் முன்முகத்துக்கு முதுகுப் பக்கத்துச் சுத்தமான தோல், நாக்குக்கும் உள்ளே மறைகிற துண்டுக்கும் வயிற்றுப் பக்கம். டையை அரை அங்குலம் நகர்த்தி வைத்தால் ஒரு தோலில் ஒரு ஜோடி கூடும். அந்த அரை அங்குலத்தில்தான் கம்பெனியின் லாபமே இருக்கிறது! தையல் லைனில் பெரும்பாலும் பெண்கள். காலையில் கம்பெனி பஸ் கிராமம் கிராமமாக வந்து அவர்களை ஏற்றிப்போகும்.

அந்தத் தோலைப் பதப்படுத்திய தண்ணீர் எங்கே போனது என்பதும் தெரிந்திருக்கும், பாலாற்றுக்குத்தான். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த வேலூர்த் தீர்ப்பு இந்தியச் சட்டக் கல்லூரிகளிலெல்லாம் பாடம். மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பது நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் உறுதியாகச் சொன்னார்கள். அப்போது தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் விதித்த மாசு அபராதம் 10,000 ரூபாய். இன்றைக்கு அந்தத் தொகைக்குப் பிர்கின் பூட்டின் சாவிகூட வராது! 2025 ஜனவரியிலும் பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி பேச வேண்டியிருந்தது.

இன்னொரு விநோதம் கேளுங்கள். உலகத்து முதல் பிர்கின், ஜேன் பிர்கினே தூக்கித் திரிந்து, ஸ்டிக்கர் ஒட்டி, நகவெட்டி தொங்கவிட்டிருந்த அந்தப் பை இருக்கிறதே, அது எத்தனை முறை கைமாறியது தெரியுமா? 1994இல் எய்ட்ஸ் நிவாரண நிதிக்காக அவரே ஏலத்துக்குக் கொடுத்தார். 2000இல் மறுபடி ஏலம். 2025 ஜூலை 10 அன்று பாரிஸில் சதபீஸ் ஏலத்தில் 86 லட்சம் யூரோ! ஏறக்குறைய 86 கோடி ரூபாய்! வாங்கியவர்கள் பழைய ஆடம்பரப் பொருள் வியாபாரம் செய்கிற ஜப்பான்காரர்கள். மறுவிற்பனை கூடாது என்கிற பையின் புகழே இப்போது மறுவிற்பனையில்தான் ஏறுகிறது.

ஆனால் எல்லாக் கம்பெனிகளும் விற்கிறவர்களை முறைத்துக்கொண்டே இருக்கவில்லை. குச்சியின் தாய்க் கம்பெனியான கேரிங், பழைய ஆடம்பரப் பொருள் விற்கிற வெஸ்டியேர் கலெக்டிவ் தளத்தில் 2021இல் சுமார் 5 சதவீதப் பங்கே வாங்கிப்போட்டது! ரோலெக்ஸ் 2022 டிசம்பரில், பழைய கடிகாரத்தைத் தானே சோதித்துச் சான்று கொடுத்து, தன் டீலர்கள் மூலம் விற்கிற திட்டத்தைக் கொண்டுவந்தது. சந்தையை ஒழிக்க முடியாவிட்டால் அதில் ஒரு கடை போட்டுவிடுவது பழைய புத்தி.

ஆம்பூரில் நெடுஞ்சாலையோரம் இறங்கினால் ஏற்றுமதியில் தள்ளுபடியான ஷூ விற்கிற கடைகள் வரிசையாக இருக்கும். இடதுகால் ஷூவுக்கும் வலதுகால் ஷூவுக்கும் நிறத்தில் ஒரு சாயல் மாறியிருந்தாலே ரிஜெக்ட்தான். பெயரோடு வெளியே விற்கக் கூடாது என்பது இந்த மாதிரி ஏற்றுமதி ஒப்பந்தங்களில் வழக்கமான நிபந்தனை, அதனால் பலவற்றில் பெயர் இருந்த இடம் வெட்டியோ சுரண்டியோ இருக்கும். வாங்குகிறவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையலை இழுத்து, வளைத்து, அப்புறம்தான் பேரத்துக்கு வருவார். வாங்கி ஊருக்குக் கொண்டுபோய் நூறு ரூபாய் கூட வைத்து விற்றாலும், முகவரி கேட்க ஆளில்லை!