கறுப்பு பியர் 'உடம்புக்கு நல்லதா'? லாகர், ஸ்டவுட், ஏல் - என்ன வித்தியாசம்?

காப்பாரில் ஒரு வீட்டு விருந்து என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் பந்தல், பின்பக்கம் ஐஸ் பெட்டி. இளைஞர்கள் எல்லாரும் லாகர் கேனை எடுக்கிறார்கள். மாமா ஒருவர் மட்டும் கறுப்பு பியரைத் தேடி எடுத்து, "இதுதான் உடம்புக்கு நல்லது, ரத்தம் ஊறும்" என்கிறார்.

கிள்ளான், காப்பார், பிரிக்ஃபீல்ட்ஸ் என்று எங்கே வளர்ந்திருந்தாலும் இந்த வசனத்தை நீங்கள் ஒரு முறையாவது கேட்டிருப்பீர்கள். சில வீடுகளில் இன்னும் ஒரு படி மேலே போய், பிள்ளை பெற்ற பெண்ணுக்கே ஒரு கிளாஸ் ஸ்டவுட் கொடுக்கும் பழக்கமும் இருந்தது.

மாமா சொல்வது உண்மையா? அதைத் தெரிந்துகொள்ள, பியர் ஏன் மஞ்சளாகவும் கறுப்பாகவும் இருக்கிறது, லாகரும் ஸ்டவுட்டும் எங்கே பிறந்து நம் ஊருக்கு எப்படி வந்தன என்று பார்க்க வேண்டும்.

பியர் எதில் இருந்து செய்யப்படுகிறது?

தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லி (இதைத்தான் மால்ட் என்கிறார்கள்), ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, ஈஸ்ட். அடிப்படை இந்த நான்குதான்.

பார்லியில் இருப்பது மாவுச்சத்து. அதை ஈஸ்ட் நேரடியாகச் சாப்பிட முடியாது. பார்லி முளைவிடும்போது உருவாகும் என்சைம்கள், வெந்நீரில் ஊறும்போது அந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. அந்தச் சர்க்கரையைத் தின்று ஈஸ்ட் ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. ஹாப்ஸ் கசப்பைக் கொடுக்கிறது. பியர் சீக்கிரம் கெட்டுப்போகாமலும் காக்கிறது.

ஜெர்மனியின் பவேரியாவில் 1516-ஆம் ஆண்டு போடப்பட்ட புகழ்பெற்ற சட்டம், பியரில் தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் மட்டுமே இருக்கலாம் என்றது. ஈஸ்ட் அந்தப் பட்டியலில் இல்லை. காரணம் எளிது: அப்படி ஓர் உயிர் இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது!

அப்படியென்றால் கள்ளும் பியரா?

இல்லை. ஆனால் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்.

தென்னம்பாளையில் இருந்து இறங்கும் சாற்றில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. முளைகட்ட வேண்டாம், காய்ச்ச வேண்டாம். காற்றிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்ட் தானாகவே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் கள்ளு தயார், மறுநாளே புளித்துப்போகும். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரைச் சுற்றித் தயாராகும் 'லாம்பிக்' என்ற பியரும் இப்படித்தான், காற்றில் வரும் ஈஸ்ட்டை நம்பியே புளிக்கிறது. அதன் புளிப்புச் சுவை கள்ளு குடித்துப் பழகியவர்களுக்கு அந்நியமாக இருக்காது.

கிள்ளான் வட்டாரத் தமிழர்களின் வரலாற்றில் கள்ளுக்கு ஒரு கசப்பான இடமும் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடைகள் நடத்தப்பட்டன. தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. 1941-இல் ஆர்.எச். நாதன் முதலானோர் முன்னின்ற கிள்ளான் தோட்டத் தொழிலாளர் போராட்டத்தில், சம்பள உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு ஆகியவற்றோடு சேர்த்து வைக்கப்பட்ட ஒரு கோரிக்கை: கள்ளுக்கடைகளை மூடு. நாதன் கைது செய்யப்பட்டார், பிறகு நாடு கடத்தப்பட்டார். போராட்டம் படைகொண்டு அடக்கப்பட்டது.

ஆக, 'எதைக் குடிக்கிறோம், அதை யார் விற்கிறார்கள்' என்ற கேள்வி நம் ஊரில் இன்று வந்ததல்ல.

ஏல், லாகர்: வித்தியாசம் எங்கே இருக்கிறது?

உலகில் பியர் வகைகள் நூற்றுக்கும் மேல். ஆனால் பெரும்பாலானவற்றை இரண்டு குடும்பங்களில் அடக்கிவிடலாம். இரண்டையும் பிரிப்பது நிறம் அல்ல, ஈஸ்ட்.

ஏல்: இதமான சூட்டில், சுமார் 15 முதல் 24 டிகிரி செல்சியசில் புளிப்பது. ஈஸ்ட் மேலே நுரைத்து எழும். வேகமாக வேலை செய்யும். கூடவே பழ வாசனையையும் விட்டுச் செல்லும். ஜெர்மானிய கோதுமை பியரில் வாழைப்பழமும் கிராம்பும் போல ஒரு வாசம் வருமே, அதில் பழமும் இல்லை, மசாலாவும் இல்லை. எல்லாம் ஈஸ்ட் செய்யும் வேலை.

லாகர்: குளிரில், சுமார் 7 முதல் 13 டிகிரியில் மெதுவாகப் புளிப்பது. ஈஸ்ட் அடியில் படியும். பிறகு வாரக்கணக்கில் குளிரிலேயே வைத்திருப்பார்கள். ஜெர்மன் மொழியில் அந்தப் பெயரே 'சேமித்து வைப்பது' என்ற பொருளில் இருந்து வந்ததுதான். சுவை சுத்தமாக, லேசாக இருக்கும்.

ஸ்டவுட் எந்தக் குடும்பம்? ஏல் குடும்பம்.

மஞ்சள் லாகர் எப்படி ஷா ஆலம் வந்தது?

இன்று நீங்கள் பார்க்கும் பொன்னிற லாகரின் பூர்வீகம், இப்போதைய செக் குடியரசில் இருக்கும் பில்சென் நகரம். ஊர் பியர் மோசமாக இருக்கிறது என்று கோபப்பட்ட மக்கள், 1838-இல் 36 பீப்பாய் பியரைத் தெருவில் கொட்டினார்கள். பிறகு சொந்தமாக ஓர் ஆலை கட்டி, பவேரியாவில் இருந்து யோசெஃப் குரோல் என்பவரை அழைத்து வந்தார்கள். 1842-இல் அவர் தயாரித்த பியர், அன்றைய மங்கலான பழுப்பு பியர்களுக்கு நடுவே தங்கம் மாதிரி தெளிவாக இருந்தது. பில்சென்னின் மென்மையான தண்ணீர், வெளிர் மால்ட், அந்தப் பகுதி ஹாப்ஸ், குளிரில் வேலை செய்யும் ஈஸ்ட் எல்லாம் ஒன்றுசேர்ந்ததன் பலன் அது. ஊர்ப் பெயரே வகைப் பெயரானது: பில்ஸ்னர்.

அடுத்த பெரிய மாற்றம் டென்மார்க்கில் நடந்தது. 1883-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன், ஒரே வகை ஈஸ்ட்டை மட்டும் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். அதுவரை பியர் காய்ச்சுவது ஏறக்குறைய சூதாட்டம். ஒரு முறை நன்றாக வரும், அடுத்த முறை கெட்டுப்போகும். ஹான்சனின் முறைக்குப் பிறகு எப்போது காய்ச்சினாலும் ஒரே சுவை கிடைத்தது. அந்த ஈஸ்ட்டை நிறுவனம் மற்ற ஆலைகளுக்கும் பகிர்ந்தது.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி: லாகருக்குக் குளிர் வேண்டும். நம் ஊர் வெயிலில் அது நடக்குமா? 1870-களில் கார்ல் வான் லிண்டே உருவாக்கிய குளிர்சாதன இயந்திரம்தான் அதற்கு வழி செய்தது. அதற்கு முன்பு வெப்ப நாடுகளில் பியர் காய்ச்சியவர்கள் மலை ஏறினார்கள். நீலகிரியிலும் இலங்கையின் நுவரெலியாவிலும் பழைய பியர் ஆலைகள் இருந்ததற்குக் குளிரும் ஒரு காரணம்.

இயந்திரம் வந்த பிறகு மலை தேவைப்படவில்லை. 1932-இல் சிங்கப்பூரில் டைகர் பியர் வந்தது. அதே காலகட்டத்தில் ஜெர்மானியப் பின்னணி கொண்ட இன்னொரு ஆலை ஆங்கர் பியரைத் தயாரித்தது. போர்க்காலத்தில் அது எதிரியின் சொத்தாகக் கையகப்படுத்தப்பட்டு, டைகரின் நிறுவனத்திடமே போய்ச் சேர்ந்தது. 1972-இல் ஷா ஆலமில் கார்ல்ஸ்பர்க் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. காப்பாரில் இருந்து காரில் போனால் அதிக தூரம் இல்லை.

கறுப்பு நிறம் எங்கிருந்து வந்தது?

18-ஆம் நூற்றாண்டு லண்டன். சந்தையிலும் துறைமுகத்திலும் மூட்டை தூக்கும் தொழிலாளர்கள் விரும்பிக் குடித்த கரும்பழுப்பு பியருக்கு அவர்கள் பெயரே வந்தது: போர்ட்டர். அதில் கெட்டியான, வலுவான ரகத்தை 'ஸ்டவுட் போர்ட்டர்' என்றார்கள். நாளடைவில் 'ஸ்டவுட்' மட்டும் நின்றுவிட்டது.

1817-இல் டேனியல் வீலர் என்பவர், மால்ட்டைக் காபிக்கொட்டை மாதிரி கருக வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு கொஞ்சம் வறுத்த மால்ட்டைச் சேர்த்தாலே போதும், முழு பியரும் கறுப்பாகிவிடும். ஸ்டவுட்டில் வரும் காபி, சாக்லேட் வாசனையும் அந்த வறுவல்தான்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: கறுப்பு என்பது வறுவலின் நிறம். சத்தின் நிறமும் அல்ல, போதையின் நிறமும் அல்ல.

டப்ளினில் 1759-இல் தொடங்கிய கின்னஸ், 1801 முதல் கப்பல் பயணத்துக்கென்றே ஹாப்ஸ் அதிகம் சேர்த்த, வலுவான ஒரு போர்ட்டரைக் காய்ச்சியது. இன்று 'ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்' என்று விற்பது அதன் வாரிசுதான். மலாயாவுக்கு வந்த பாட்டில்களின் லேபிளில் நாய்த்தலை படம் இருந்தது. அதனால்தான் இங்குள்ள சீனர்கள் அதைக் 'கறுப்பு நாய்' பியர் என்று அழைத்தார்கள். 1960-களில் கின்னஸ் ஆலை பெட்டாலிங் ஜெயாவின் சுங்கைவேக்கே வந்துவிட்டது. இன்று அது ஹைனகன் மலேசியாவின் ஆலை.

பெயரில் மட்டும் 'இந்தியா'

பிரிக்ஃபீல்ட்ஸ் அல்லது பங்சார் பக்கம் மெனு கார்டில் 'ஐபிஏ' என்று பார்த்திருப்பீர்கள். இந்தியா பேல் ஏல் என்பதன் சுருக்கம் அது. இந்தியாவில் காய்ச்சியது அல்ல. லண்டனிலும் பர்ட்டனிலும் காய்ச்சி, கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய்க்குக் கப்பலில் அனுப்பியது. மாதக்கணக்கான பயணத்தைத் தாங்க ஹாப்ஸ் அதிகம். அதனால் கசப்பும் அதிகம். குடித்தவர்கள் பெரும்பாலும் அங்கிருந்த வெள்ளைக்காரர்கள்.

சரி, ஸ்டவுட் குடித்தால் ரத்தம் ஊறுமா?

இந்த நம்பிக்கைக்கு ஒரு முக்கிய ஊற்று விளம்பரம். கின்னஸ் உடலுக்கு நல்லது என்ற வாசகம் 1929 முதல் பிரிட்டனில் ஒட்டப்பட்டது. அயர்லாந்தில் ஒரு காலத்தில் ரத்த தானம் செய்தவர்களுக்கும் ஸ்டவுட் கொடுத்தார்கள். இன்று அந்த நிறுவனமே அப்படிச் சொல்வதில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல், ஸ்டவுட்டில் இருக்கும் இரும்புச்சத்து சுமார் 0.3 மில்லிகிராம். மாதவிடாய் வயதில் உள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 18 மில்லிகிராம். அதை ஸ்டவுட்டில் எடுக்க வேண்டுமானால் 60 பைண்ட் வேண்டும்! அதைவிட ஒரு கைப்பிடி கீரையோ ஈரலோ எவ்வளவோ மேல்.

பிள்ளை பெற்றவர்களுக்கு விஷயம் இன்னும் முக்கியம். பார்லியில் உள்ள ஒரு பொருள் பால் சுரக்கும் ஹார்மோனைத் தூண்டக்கூடும் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஆல்கஹால் அதற்கு நேர் எதிராக, பாலை வெளியே தள்ளும் ஆக்சிடோசினைக் குறைக்கிறது. தாயின் ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறதோ, ஏறக்குறைய அதே அளவு தாய்ப்பாலிலும் இருக்கும். பார்லிதான் வேண்டும் என்றால் பார்லித் தண்ணீர் இருக்கிறதே!

நிறத்தை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்

'கறுப்பு என்றால் ஸ்ட்ராங், மஞ்சள் என்றால் லைட்' என்பதும் தவறு. குழாயில் ஊற்றித் தரும் கின்னஸ் டிராட் கறுப்புதான். ஆல்கஹால் சுமார் 4.2% மட்டுமே. பெல்ஜியத்தின் டூவெல் பளிச்சென்ற பொன்னிறம், ஆனால் 8.5%. இலங்கையின் லயன் ஸ்டவுட் கறுப்பு, 8.8%. வழக்கமான டைகர் லாகர் 5%.

320 மில்லி கேன் ஒன்றில் 5% என்றால் 16 மில்லி சுத்த ஆல்கஹால். அதே அளவு 8.8% பியரில் 28 மில்லி. 'ரெண்டு கேன்தானே' என்று நினைத்துக் குடிப்பவர் கிட்டத்தட்ட மூன்றரை கேன் குடித்திருப்பார்.

அரசாங்கமும் நிறத்தைப் பார்ப்பதில்லை. 2016 மார்ச்சில் மலேசியா கலால் வரியைச் சுத்த ஆல்கஹால் அளவுக்கு மாற்றி, லிட்டருக்கு 175 ரிங்கிட் என்று வைத்தது. அன்றைய அந்தக் கணக்குப்படி 5% கேன் ஒன்றுக்கு வரி மட்டும் 2 ரிங்கிட் 80 சென்னாக இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் மது வாங்கும் குறைந்தபட்ச வயது 2017 டிசம்பரில் 18-இல் இருந்து 21 ஆனது. முஸ்லிம்களுக்கு ஷரியா சட்டப்படி மது தடை.

2020 அக்டோபர் முதல் வாகனம் ஓட்டுபவரின் ரத்தத்தில் இருக்கக்கூடிய ஆல்கஹால் வரம்பு, 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமில் இருந்து 50-ஆகக் குறைக்கப்பட்டது. குடித்துவிட்டு ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தினால், முதல் குற்றத்துக்கே 10 முதல் 15 ஆண்டு சிறை.

விலை மலிவு என்று லேபிள் சரியில்லாத மதுவை வாங்குவது இன்னும் ஆபத்து. 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மெத்தனாலின் நிறத்தையோ வாசனையையோ வைத்து அதை அடையாளம் காண முடியாது.

ஆல்கஹாலில் 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று இல்லை என 2023-இல் உலகச் சுகாதார நிறுவனம் கூறியது. இது லாகருக்கும் பொருந்தும், ஸ்டவுட்டுக்கும் பொருந்தும், கள்ளுக்கும் பொருந்தும்.

அடுத்த முறை மாமா "ரத்தம் ஊறும்" என்றால் சண்டை போட வேண்டாம். லேபிளில் இருக்கும் சதவீதத்தைக் காட்டுங்கள். அப்படியே வீட்டுக்கு எப்படிப் போகிறார் என்றும் கேட்டுவிடுங்கள். கார் சாவி அவர் கையில் இருந்தால், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.