இரவுப் பூச்சியை செல்போனில் பிடிப்போம்

பகலில் வயலைச் சுற்றி வந்தால் இலையில் ஓட்டைதான் தெரியும். தின்னது யாருன்னு தெரியாது. வெட்டுப்புழு பகலில் மண்ணுக்குள் பதுங்கி, ராத்திரி வந்து நாற்றை அறுக்கும். காண்டாமிருக வண்டு தென்னைக்கு வருவதும் இருட்டில்தான். பூச்சி எதுவென்று தெரியாமல் எந்தக் கரைசலைத் தெளித்தாலும் உழைப்பு வீண்; நன்மை செய்யும் பூச்சியும் சேர்ந்து போய்விடும். ஆகவே இரவில் தெளிவாக ஒரு படம் எடுக்கத் தெரிந்திருப்பது இன்றைக்கு உழவனுக்குத் தேவையான வேலை.

முதல் வேலை, லென்சைத் துடைப்பது. சட்டைப்பையில் கிடக்கிற போனில் வியர்வையும் தூசியும் படிந்திருக்கும். அந்த அழுக்கில் டார்ச் வெளிச்சம் பட்டால் படம் முழுக்கப் புகை மண்டிய மாதிரி ஆகிவிடும். சுத்தமான பருத்தித் துணி போதும்.

அடுத்து, பிளாஷை அணைத்துவிடுங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் புழு வெளுத்துப் போகும். பின்னால் எல்லாம் கரும் இருட்டு. அதற்குப் பதில், கூட வருகிறவர் கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்து, பக்கவாட்டில் இருந்து அடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் கூசினால் டார்ச் முகப்பில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டலாம். புழுவின் முடி, கோடு, புள்ளி எல்லாம் எழுந்து தெரியும்.

திரையில் புழு இருக்கும் இடத்தை விரலால் தொட்டு அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான போன்களில் போகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்காதீர்கள். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான், விவரம் கூடாது. அரை அடி தூரத்தில் வைத்து எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

'நைட் மோடு' என்பது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குவது. சில நொடி கை ஆடக்கூடாது. மண்வெட்டிக் காம்பிலோ வரப்பிலோ சாய்த்துப் பிடித்து, 3 நொடி டைமர் வையுங்கள். அசையாத இலைக்கும், சேதமான பாத்திக்கும் இது சரி. ஊர்ந்து போகிற புழுவுக்கு ஆகாது, கலங்கிவிடும். அதற்கு டார்ச் வெளிச்சம்தான்.

எதைப் படம் பிடிப்பது? மக்காச்சோளப் படைப்புழு 2018-இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு நம் பக்கமும் பரவியது. அதற்கு இரண்டு அடையாளம்: தலையில் தலைகீழ் 'ஒய்' போன்ற வெள்ளைக் கோடு, வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி. இரண்டும் தெரிகிற மாதிரி மேலிருந்து தனித்தனியாக எடுங்கள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்தால் அளவு புரியும்.

காட்டுப்பன்றி சேதம் என்றால் பன்றியைத் துரத்திப் படம் எடுக்கப் போகாதீர்கள்; ஆபத்து, படமும் வராது. மண்ணில் பதிந்த குளம்படியின் மேல் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடியுங்கள். நிழல் விழுந்து தடம் பளிச்செனத் தெரியும். கேமராவில் இடக்குறிப்பை இயக்கி வைத்தால் நாளும் இடமும் படத்தோடு பதிவாகும். எங்கள் வங்கி வேலையில் சொல்வோம், எழுத்தில் இல்லாதது நடக்காதது என்று. இழப்பீடு கேட்டு மனு கொடுக்கும்போதும் அதே கதைதான்.

வேளாண் அறிவியல் நிலையத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, நாம் பாடுபட்டு எடுத்த புள்ளியெல்லாம் கரைந்துபோகும்.

டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து வயலைப் பாருங்கள். பனித்துளி மாதிரி மின்னுவதில் பல, சிலந்திகளின் கண்கள். அவை நம் கூலியில்லாக் காவலாளிகள். அவற்றையும் நாலு படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை தெளிப்பானைத் தூக்குமுன் யோசிக்க உதவும். காலில் பூட்ஸ், கையில் தடி இல்லாமல் மட்டும் இருட்டில் இறங்க வேண்டாம்.